ஆனந்தமேரி சொல்லாமல் விட்டது

ஆனந்தமேரி வாங்கிய அடி ஒன்றுகூட வீணாய்ப் போனதில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாடம் எடுத்துவிடுவாள். அந்த விஷயத்தில் அவளுக்கு ஈடாக நெல்லித்தோப்பில் ஆள் கிடையாது.

புதன்கிழமை சாயங்காலம் அன்பியக் கூட்டம். வாரம் ஒரு வீடு. பக்கத்துத் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து பதினைந்து இருபது பேர் பாயில் உட்கார்ந்து நற்செய்தி வாசிப்பார்கள். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருப்பார்கள். பிறகு, வாசித்த வரி தங்கள் வாழ்க்கையில் எங்கே தைத்தது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அதற்குப் பகிர்வு என்று பெயர். அந்த இடம் வந்ததும் பாதிப் பேருக்கு வேறு வேலை வந்துவிடும். பாயைக் கிள்ளுவார்கள், ஃபேனைப் பார்ப்பார்கள். அன்பியத்தின் தலைவர் பிரான்சுவா, பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைப் பழைய பிரெஞ்சு மரியாதையில் முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இரண்டு தரம் செருமிப் பார்த்துவிட்டு ஆனந்தமேரி பக்கம் திரும்புவார். அவள் ஆரம்பித்தால் சுண்டல் ஆறிப்போகும்.

அவளுக்குத் தட்டாஞ்சாவடியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிற வேலை. தகட்டை உள்ளே தள்ளிப் பெடலை மிதித்தால், மேலேயிருந்து அச்சு இறங்கி ஒரே குத்தில் வாஷரை வெட்டி எடுக்கும். ஒரு நாளைக்கு நாலாயிரம் குத்து. ஒரு தடவை தகட்டோடு சேர்த்து அவளுடைய இடது ஆள்காட்டி விரலின் நுனியையும் வெட்டி எடுத்துவிட்டது. அடுத்த புதனே கட்டுப்போட்ட கையை நீட்டி, கனி தராத கிளையைத் தறிக்கிற தோட்டக்காரரைப் பற்றிப் பேசினாள். கேட்டவர்களில் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். விரல் போனவள்கூட அவ்வளவு அழவில்லை.

விரலெல்லாம் சின்ன விஷயம். பெரிய பாடங்கள் கஸ்பாரிடமிருந்து வந்தவை. கஸ்பார் அவள் புருஷன். மில் மூடிய பிறகு வேலை இல்லாத கோபத்தையும் பிள்ளை இல்லாத கோபத்தையும் ஒன்றாகச் சேர்த்து, பதினாறு வருஷம் அவளை அடித்தான். பெல்ட்டால் அடித்தான். ஸ்டூலால் அடித்தான். ஒருமுறை இஸ்திரிப் பெட்டியின் வயரை நாலாக மடித்து, கை ஓய்கிற வரைக்கும் அடித்தான். அறைந்த அறையில் வலது காதில் சவ்வு கிழிந்து ரத்தம் வந்தது. பெல்ட் அடியைக் கற்றூணில் கட்டுண்ட ஆண்டவரோடு சேர்த்துப் பேசினாள் ஆனந்தமேரி. காது போனதற்கு, உலகத்துச் சத்தம் பாதி குறைந்தது, அவர் சத்தம் தெளிவாகக் கேட்கிறது என்றாள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுண்டல் சாப்பிட்டார்கள். கஸ்பாரிடம் போய் ஏன்டா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாதபடிக்கு அவள் அவ்வளவு நன்றாகச் சொன்னாள் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பாடங்களிலேயே பெரியது கஸ்பாரின் சாவு. ஆறு வருஷத்துக்கு முன் ஈரல் கெட்டு, வயிறு உப்பி, அரசு ஆஸ்பத்திரியில் செத்தான். கடைசி நாளன்று கோயில் சாமியார் வந்து சாகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயைப் பூசிவிட்டுப் போன பிறகு, தன் கையை அவள் கன்னத்தில் வைத்து, "மேரி, என்ன மன்னிச்சிடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான் என்பது அவள் சொல்கிற கதை. பதினாறு வருஷம் அடித்த கையே கடைசியில் தடவிக் கொடுத்தது, பொறுத்தவளுக்கு ஆண்டவர் கொடுத்த சம்பளம் அது என்று முடிப்பாள். இதை வேறு கோயில் பங்குகளிலிருந்தும் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார்கள். இந்தக் கதையில் பாதி பொய். எந்தப் பாதி என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இந்தக் கதைதான் ஜோவிதாவைக் கெடுத்தது.

ஜோவிதா எதிர்வீட்டுப் பெண். இருபத்தாறு வயது, அபி என்று மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. புருஷன் விக்டர் டெம்போவில் தண்ணீர் கேன் போடுகிறவன். தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் கேனை மாடிவரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைப்பான். அந்த நல்ல பெயரெல்லாம் வாசலோடு சரி. உள்ளே போனால் பெண்டாட்டிமேல் கை நீட்டுவான்.

தவக்காலம் தொடங்கின வாரம், ஒருநாள் காலை ஆறு மணிக்கு ஜோவிதா ஒரு கட்டைப்பையும் குழந்தையுமாக ஆனந்தமேரி வீட்டுக்கு வந்தாள். தோளில் பல் பதிந்த காயம். பாகூரில் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம், முதல் பஸ்ஸைப் பிடிக்கணுமாம், சொல்லிவிட்டுப் போக வந்தாளாம். பஸ்ஸுக்குப் போகிறவள் போயிருக்கலாம். ஆனந்தமேரி அவளைப் பிடித்து உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, கஸ்பார் கையைக் கன்னத்தில் வைத்த கதையைச் சொன்னாள். பொறுத்துக்கொள், ஒருநாள் மாறுவான் என்றாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. நாற்பது நாளும் கவுச்சியைக் கையால் தொட்டாலும் வாயில் வைக்காதே, அந்த ஒறுத்தலைப் புருஷன் மனம் திரும்புவதற்காக ஒப்புக்கொடு என்று ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தாள். ஜோவிதா மூக்கைச் சிந்திக்கொண்டு கட்டைப்பையைத் தூக்கி எதிர்வீட்டுக்கே திரும்பிப் போனாள். ஆனந்தமேரிக்கு அன்று முழுக்க மனசு நிறைவாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று, பூசை முடிந்து ஓலையோடு எல்லோரும் வீடு திரும்பினார்கள். விக்டர் பெரிய மார்க்கெட்டிலிருந்து ஒன்றரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கி வந்து போட்டான். ஜோவிதா மறுத்துப் பேசவில்லை, சமைத்தாள். ஆனால் ஒறுத்தல் இருந்ததால் குழம்பை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். ஆனந்தமேரி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் முதலில் தட்டு சுவரில் மோதுகிற சத்தம். பிறகு ஜோவிதாவின் குரல். அது வார்த்தையாக இல்லை. பிறகு தொப்புத் தொப்பென்று ஒரே சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. கறி கொத்துகிற கடையில் கேட்கிற சத்தம். தெருவில் இரண்டு வீட்டு டிவி சத்தம் கூடியது, ஒரு ஜன்னல் சாத்தப்பட்டது.

ஆனந்தமேரி ஓடிப்போய்க் கதவைத் தோளால் இடித்தாள். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு வந்தது. உள்ளே தரையெல்லாம் குழம்பு. விக்டர் ஒரு கையால் ஜோவிதாவின் பின்னலைச் சுருட்டிப் பிடித்து அவள் முகத்தை அடுப்பு மேடையின் கடப்பைக் கல் விளிம்பில் மோதிக்கொண்டிருந்தான். வாயிலிருந்து ரத்தம் நூலாக இறங்கியது. பல் இரண்டு மேடையில் கிடந்தன. தலையை மறைக்கத் தூக்கிய அவள் இடது கையைக் குக்கரால் ஓங்கி அடித்தான். எலும்பு உடைகிற சத்தம் ஆனந்தமேரியின் ஒற்றைக் காதுக்கே கேட்டது. கட்டிலுக்கு அடியில் அபி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். அழுதால் என்ன ஆகும் என்று மூன்று வயதிலேயே படித்து வைத்திருந்தது அந்தக் குழந்தை.

அவன் கையிலிருந்த குக்கரைப் பிடுங்கி ஆனந்தமேரி அவன் தோளில் ஒரு போடு போட்டாள். நாளைக்கு நாலாயிரம் தகடு தள்ளுகிற கை அது. விக்டர் குழம்பில் வழுக்கி விழுந்தான். விழுந்தவனை இன்னொரு போடு போட்டாள், முதுகில். பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட ஓங்காத கையில் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று தெரியவில்லை. மூன்றாவதாகத் தலைக்குக் குறிவைத்து ஓங்கியபோது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்ததை அவள் உணர்ந்தாள். அந்தச் சந்தோஷம்தான் அவளைப் பயமுறுத்தியது. குக்கரைக் கீழே போட்டாள். அடுத்த நொடி விக்டர் எழுந்து அவள் வயிற்றில் ஒரு உதை விட்டு, வாசல் வழியாக வெளியேறி, டெம்போவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அரசு ஆஸ்பத்திரியில் ஜோவிதாவுக்கு உதட்டில் ஏழு தையல், கையில் மாவுக்கட்டு. திங்கட்கிழமை மகளிர் போலீஸிலிருந்து செந்தமிழ்ச்செல்வி என்கிற ஏட்டு வந்து கேட்டபோது, குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டதாக ஜோவிதா சொன்னாள். அந்த அம்மா ஆனந்தமேரியை ஒரு பார்வை பார்த்தாள். ஆனந்தமேரி நடந்ததைச் சொன்னாள். அடி வாங்கினவளே இல்லை என்கிறாளே, அவள் வாயால் ஒரு வார்த்தை வந்தால் நான் மற்றதைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏட்டம்மா சொல்லி, நர்ஸிடம் தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் ஜோவிதா தைத்த உதட்டை மெல்ல அசைத்து, "உங்க வீட்டுக்காரரு கடைசியா சொன்னத இன்னொரு வாட்டி சொல்லுக்கா" என்று கேட்டாள். ஆனந்தமேரி அவள் தலையணையை நேராக வைத்தாள். மெஷினுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. விக்டர் தினமும் சாத்துக்குடியும் பிஸ்கட்டுமாக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான். பிரான்சுவாவும் அன்பியத்துக்காரர்கள் இரண்டு பேரும் போய்ச் செபித்துவிட்டு, பெரிய வெள்ளி சாயங்காலம் ஜோவிதா டிஸ்சார்ஜ் ஆகிப் பெயர் வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடட்டும், ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டருக்குக் குடும்பம் ஒன்றாக இருக்கணும் என்று பேசி முடித்திருந்தார்கள். வேலை நேரம் போக அபியை ஆனந்தமேரிதான் வைத்திருந்தாள். கதவு தட்டுகிற சத்தம் கேட்டாலே குழந்தை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மெஷின் முன்னால் உட்கார்ந்து அவள் ஒன்றை யோசித்தாள். விரல் போன மறுநாளே முதலாளி மெஷினுக்கு முன்னால் கம்பித் தடுப்பு போட்டார். அவர் பெரிய பக்திமான் ஒன்றும் இல்லை. இன்னொரு விரல் போகக் கூடாது என்கிற புத்தி அவருக்கு இருந்தது. இத்தனை வருஷம் நற்செய்தி வாசித்த எங்களில் ஒருவருக்குக்கூட அந்தப் புத்தி வரவில்லையே என்று நினைத்தாள். அதிலும் பிரான்சுவாவைவிட, சாமியாரைவிட, தனக்கே அது வந்திருக்க வேண்டும் என்று நினைத்தபோது பெடலில் இருந்த காலை எடுத்துவிட்டாள்.

பெரிய வெள்ளி மூன்று மணிக்குக் கோயிலில் ஆண்டவர் பட்ட பாடுகளின் வாசகம். மூன்று பேர் பிரித்து வாசிப்பார்கள். ஆண்டவர் பேசுகிற இடத்தைச் சாமியார், நடந்ததைச் சொல்கிற இடத்தை பிரான்சுவா, மற்றவர்களுடையதை இன்னொருவர். நாற்பது வருஷமாக ஆனந்தமேரி நின்றபடியே கேட்கிற வாசகம். விசாரணை நடக்கிற இடத்தில் காவலன் ஒருவன் ஆண்டவரைக் கன்னத்தில் அறைகிறான் என்று பிரான்சுவா வாசித்தார். அறை என்ற சொல் வந்ததும், மறு கன்னத்தை அவர் காட்டியிருப்பார் என்று பழக்கத்தில் அவள் மனசு முந்திக்கொண்டு ஓடியது. அவர் காட்டவில்லை. நான் சொன்னதில் தப்பு இருந்தால் எது தப்பென்று காட்டு, சரியென்றால் ஏன் என்னை அடிக்கிறாய் என்று அடித்தவனைப் பார்த்துக் கேட்டார்.

ஆனந்தமேரிக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்துவிட்டது. நாற்பது பெரிய வெள்ளி. நாற்பது தடவை அந்த வரி அவள் காதில் விழுந்திருக்கிறது. சிலுவையில் சாகத் துணிந்தவரே ஓர் அறைக்குக் காரணம் கேட்டிருக்கிறார். அவளோ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்கக் கிளம்பியவளையும் உட்காரவைத்து டீ கொடுத்திருக்கிறாள். அபியைப் பக்கத்துப் பெண்ணிடம் விட்டுவிட்டு, வாசகம் முடியும் முன்பே அவள் வெளியே நடந்தாள். பிரான்சுவா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று ஆட்டோ ஏறினாள்.

வார்டில் ஜோவிதா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், பை கட்டித் தயாராக இருந்தது. விக்டர் டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கப் போயிருந்தான். ஒரு நர்ஸ் பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ஆனந்தமேரி மூச்சு வாங்கக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஜோவி, நீ வீட்டுக்குப் போவாத. நான் உன்கிட்ட சொன்னது பொய்."

எது பொய் என்று ஜோவிதா கண்ணால் கேட்டாள்.

"அவன் மன்னிப்புக் கேக்கல."

ஆனந்தமேரி சொன்னாள். அன்று எண்ணெய் பூசிவிட்டுச் சாமியார் போனதும் தண்ணீர் கேட்டான் கஸ்பார். டாக்டர் தரக் கூடாது என்றிருப்பதாக அவள் அவனிடம் சொன்னாள். அவன் கை எழுந்தது. அறையத்தான். ஆனால் பலம் இல்லாமல் பாதியிலேயே விழுந்துவிட்டது. மறுபடி தூக்கினான், விழுந்தது. "கையத் தூக்கி விடுடி" என்றான். அதுதான் அவன் கடைசி வார்த்தை.

ஜோவிதா நெருங்கி உட்கார்ந்தாள். பிறகு, "நீ இன்னாக்கா பண்ண?" என்றாள்.

"தூக்கி விட்டேன்" என்றாள் ஆனந்தமேரி. "நானே புடிச்சுத் தூக்கி, என் கன்னத்துல அடிச்சுக்கிட்டேன். அவ்ளோ பழகிப் போயிருந்தேன் பாப்பா."

அன்று வாசலில் நின்ற பிரான்சுவா கன்னத்தில் இருந்த கையை மட்டும் பார்த்திருக்கிறார். வெளியே போய் எல்லோரிடமும் கஸ்பார் மனம் திரும்பினான் என்று அழுதுகொண்டே சொன்னார். முதல் வாரம் அவள் அதை மறுக்காமல் இருந்தாள். இரண்டாவது வாரம் அவளே சொல்ல ஆரம்பித்தாள். மன்னிச்சிடு என்கிற வார்த்தையை அவள்தான் போட்டாள். பதினாறு வருஷத்து அடிக்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் போனால் தாங்காது என்றுதான் போட்டாள். இதையெல்லாம் சொல்லும்போது அவள் அழவில்லை. கூட்டத்தில் பேசுகிற குரலும் வரவில்லை, வார்த்தை தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

பின்னால் விக்டர் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. கையிலிருந்த சீட்டைப் பைக்குள் திணித்தான். ஆனந்தமேரியின் தலைமுடியைப் பிடித்துத் திருப்பி, கேட்கிற காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தான். ஆனந்தமேரி கட்டில் கம்பியில் மோதிக் கீழே விழுந்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆனந்தமேரி கம்பியைப் பிடித்து எழுந்தாள். தலை சுற்றியது, அவன் முகம் இரண்டாகத் தெரிந்தது. மறு கன்னத்தைக் காட்டவும் இல்லை, கையை ஓங்கவும் இல்லை.

"நான் சொன்னதுல எது பொய்னு சொல்லு விக்டர். நெசம்னா என்ன ஏன் அடிச்ச?"

வார்டே அவனைப் பார்த்தது. கட்டிலில் கிடந்த பெண்கள், அவர்களுக்குச் சோறு கொண்டு வந்தவர்கள், எல்லோரும் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அவனுக்குத் தெரிந்த ஒரே பதில் கையில் இருந்தது. கை மறுபடியும் எழுந்தது. அவள் நகரவில்லை. கண்ணை அவன் முகத்திலிருந்து எடுக்காமல், "ஏன் அடிச்ச, சொல்லு" என்று மறுபடியும் கேட்டாள்.

"சிஸ்டர்" என்று கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. ஜோவிதா மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, விக்டரைப் பார்க்காமல் நர்ஸையே பார்த்தாள். உதட்டுத் தையலில் ரத்தம் கசிந்தது.

"அந்த ஏட்டம்மாவுக்கு போன் போடுங்க. நான் வழுக்கி விழல. என்னையும் இவருதான் அடிச்சாரு."